பாட்டு சிரிக்குது... நெஞ்சு பதறுது!

போன முகூர்த்தத்தில், அருப்புக்கோட்டை பக்கம் குமாரலிங்கபுரத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்தலில் கட்டியிருந்த ஸ்பீக்கரில் ‘கரு கரு கருப்பாயி’ ஒலித்ததும் அத்தை முகம் மலர்ந்தது. பக்கத்திலேயே எட்டு வயதுப் பொடியன் ஒருவன் கையைத் துப்பாக்கி மாதிரி நீட்டி, “டுமீல்!” என்றான்.

“என்னடா இது?”

“லியோ பாட்டு அத்தை!”

“அட போடா, இது எங்க கல்யாணத்துல ஓடுன பாட்டு. எப்படா சண்டைப் பாட்டாச்சு?”

அத்தை சொன்னது சரிதான். 2000-ல் வந்த ‘ஏழையின் சிரிப்பில்’ படத்துக்காக தேவா இசையமைத்த துள்ளல் பாட்டு அது. 2023-ல் ‘லியோ’வின் காபி கடைக் காட்சியில் மறுபடி ஒலித்தது. உள்ளே கொலைகாரக் கும்பல், நடுங்கும் மகள், கடைசியில் துப்பாக்கிச் சத்தம். நடுவே இந்தக் குத்துப்பாட்டு!

இது நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. 2021-ல் உலகமே பார்த்த கொரிய வெப் சீரிஸ் ‘ஸ்க்விட் கேம்’ முதல் எபிசோடில், பொம்மை முன்னால் மனிதர்கள் கொத்துக் கொத்தாகச் சுடப்படும்போது, ‘ஃப்ளை மீ டு த மூன்’ என்ற மென்மையான காதல் பாட்டு ஒலிக்கும்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? திகில் இசை போட்டால், ‘பயப்படு’ என்று அதுவே நமக்குச் சொல்லிவிடும். மனசும் தயாராகிவிடும். சந்தோஷப் பாட்டோ நடக்கும் கொடுமையைக் கண்டுகொள்ளாமல் தன் பாட்டுக்குப் பாடுகிறது. துக்க வீட்டுக்கு எதிரே கல்யாண மேளம் கேட்டால் எப்படி இருக்கும்? அந்த அலட்சியம்தான் நம்மைக் கூடுதலாகப் பதறவைக்கிறது.

ஆனால், இதற்கு ஒரு விலை உண்டு. 1952-ல் வந்த ‘சிங்கிங் இன் த ரெய்ன்’ படத்தில் ஜீன் கெல்லி மழையில் நனைந்து ஆடிய பாட்டை, 1971-ல் ஸ்டான்லி குப்ரிக் ‘எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்’ படத்தின் கொடூரமான தாக்குதல் காட்சியில் வைத்தார். அதைப் பாடி நடித்த மால்கம் மெக்டவலை பின்னாளில் ஒரு விருந்தில் அறிமுகப்படுத்தியபோது, கெல்லி முகம் திருப்பிப் போய்விட்டாராம். இதை மெக்டவலே சொல்லியிருக்கிறார். ஆசையாக ஆடிய பாட்டில் ரத்தக்கறை பட்டால் யாருக்குத்தான் வலிக்காது?

அதற்காகப் பழைய பாட்டைத் தொடவே கூடாதா? அப்படியும் இல்லை. 2024-ல் வந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ நினைவிருக்கிறதா? கொடைக்கானல் குணா குகையில் 2006-ல் நடந்த உண்மைச் சம்பவம். பள்ளத்தில் விழுந்த நண்பனை உயிரோடு மேலே கொண்டுவரும்போது, 1991-ல் வந்த ‘குணா’ படத்தின் ‘கண்மணி அன்போடு’ ஒலிக்கிறது. பதற்றமான காட்சிதான். ஆனாலும், இளையராஜாவின் காதல் பாட்டு அங்கே நட்பின் பாட்டாகி இன்னும் ஒரு படி உயர்ந்துவிட்டது.

வித்தியாசம் இங்கேதான். சில காட்சிகள் பாட்டிடமிருந்து எடுத்துக்கொள்கின்றன. சில காட்சிகள் பாட்டுக்குத் திருப்பியும் கொடுக்கின்றன.

கல்யாண வீட்டில் அத்தை அந்தப் பொடியனை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். “இந்தப் பாட்டுக்கு உங்க மாமா எப்படி ஆடுனாரு தெரியுமா?” என்று ஆரம்பித்தார். துப்பாக்கி பிடித்த விரல்கள் கொஞ்ச நேரத்தில் தாளம் போட ஆரம்பித்தன.

உங்கள் வீட்டுக் குட்டிகளுக்கும் ஒரு பாட்டின் பழைய கதையைச் சொல்லிப் பாருங்களேன்!