சூரிய பம்பும் கிணற்று ஊற்றும்

சேலம், நாமக்கல் சமவெளிகளில் இறவைச் சாகுபடிக்குப் பெரும்பாலும் கிணறே ஆதாரம். முற்காலத்தில் காளைகளைப் பூட்டிக் கவலையால் நீர் இறைத்தனர். பின்னர் எண்ணெய் என்ஜினும், மின்சார மோட்டாரும் வந்தன. இப்பொழுது சூரிய வெளிச்சத்தால் இயங்கும் பம்புகள் பரவி வருகின்றன.

1954-ம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச்சாலையார் செய்துகாட்டிய சிலிக்கன் மின்கலம், தன்மேல் விழுந்த வெளிச்சத்தில் நூற்றுக்கு 6 பங்கையே மின்சாரமாக்கியது. இக்காலத் தகடுகளில் பல 20 பங்குக்கு மேல் தருகின்றன. இந்தியாவின் சூரிய மின் நிறுவுதிறன் 2025 ஜனவரியில் 1 லட்சம் மெகாவாட்டைக் கடந்தது. விவசாயிகளுக்கு மானியத்துடன் சூரிய பம்பு அளிக்கும் பி.எம். குசும் திட்டம் 2019-ல் தொடங்கியது; தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறையின் வாயிலாகப் பம்புகள் அமைக்கப்பட்டன.

இதன் அனுகூலங்கள் வெளிப்படை. எண்ணெய்ச் செலவில்லை, பகலிலேயே நீர் பாய்ச்சலாம். மாசி முதல் சித்திரை வரை பயிருக்கு நீர் அதிகம் வேண்டும்; அக்காலத்திலேயே பம்பும் நன்றாக ஓடும். ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் இறைப்பு குறையும்.

ஆயினும் வெயிலுக்கு விலையில்லை என்று எண்ணிப் பெரிய பம்பை வாங்குவது தவறு. இப்பகுதிக் கிணறுகள் கடினப் பாறையில் வெட்டப்பட்டவை. பாறை வெடிப்புகளில் கசிந்து வருவதே ஊற்று.

20 அடிச் சதுரக் கிணற்றில் ஒரு நாளில் 6 அடி நீர் ஊறுமாயின், அது சுமார் 68,000 லிட்டர். ஓர் ஏக்கருக்கு 2 அங்குல நீர் கட்ட ஏறக்குறைய 2,05,000 லிட்டர் வேண்டும். அதாவது 3 நாள் ஊற்று. ஏற்ற உயரம் 100 அடியானால், நல்ல வெயில் நாளில் 2 குதிரைத்திறன் பம்பு சுமார் 60,000 லிட்டரும், 3 குதிரைத்திறன் பம்பு சுமார் 1 லட்சம் லிட்டரும் இறைக்கும். ஆகவே இக்கிணற்றுக்கு 2 குதிரைத்திறனே போதும். அதற்கு மேற்பட்டது கிணற்றை வறளச் செய்யுமேயன்றி விளைவைப் பெருக்காது. மரவள்ளி, மஞ்சள் முதலியவற்றிற்குச் சொட்டு நீர்ப் பாசனம் அமைத்தால் அதே நீர் அதிகப் பரப்புக்கு உதவும்.

தகடுகளைத் தென்முகமாக, தென்னை நிழல் படாத இடத்தில் நிறுத்துதல் வேண்டும். தூசி படிந்தால் காலை வேளையில் நீர் விட்டுத் துடைத்தல் அவசியம்.

விவசாயிகள் பம்புக்கு விண்ணப்பிக்குமுன், கோடையில் ஒரு நாள் கிணற்றை இறைத்து ஊற்றை அளந்துகொள்வது நலம். சிட்டா, அடங்கல் பெற வருவோர்க்குக் கிராம அதிகாரிகள் இதனை எடுத்துரைப்பார்களாயின், பல கிணறுகள் வற்றாமல் காக்கப்படும்.