பாலாடைக்கட்டியும் கருவாடும்

சங்கக் கணக்கைத் தணிக்கை செய்யப் பழவேற்காட்டு ஏரிக் குப்பங்களுக்குச் செல்லுங்கால், அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்கும் வினா ஒன்றுண்டு: “விடியலில் வயிறு நிறையக் கஞ்சி குடித்துப் படகேறினாலும், வெயில் ஏறுமுன்னே பசிக்கிறதே, ஏன் ஐயா?”

பசி என்பது வயிற்றின் வெறுமை மட்டுமன்று. இரைப்பை காலியாகும்போது ‘கிரெலின்’ என்னும் ஹார்மோன் அதில் மிகுதியாகச் சுரந்து, மூளைக்குப் பசியை அறிவிக்கிறது. ஜப்பானிய விஞ்ஞானிகளான கொஜிமாவும் கங்காவாவும் 1999இல் இதனைக் கண்டறிந்தனர். உண்ட பின்னர், சிறுகுடலில் ‘கோலிசிஸ்டோகைனின்’ முதலிய வேறு ஹார்மோன்கள் சுரந்து, ‘போதும்’ என்று மூளைக்குத் தெரிவிக்கின்றன. இரைப்பை மெல்லக் காலியாகவும் செய்கின்றன. இவற்றை நன்கு தூண்டுபவை புரதமும் கொழுப்புமாகும். கஞ்சியிலோ நீரும் மாவுச்சத்துமே மிகுதி. ஆதலின் அது விரைவில் இரைப்பையை விட்டு நீங்குகிறது.

1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய ஒல்லாந்தரின் நாட்டில், முதிர்ந்த பாலாடைக்கட்டி பெயர்பெற்ற உணவு. பாலை உறையச் செய்து, நீரை வடித்து, உப்பிட்டு, மாதக்கணக்கில் முதிரவிடுவர். புரதம் சிறு கூறுகளாக உடைந்து சுவை ஏறுகிறது. நீர் குறைந்து புரதமும் கொழுப்பும் செறிந்திருப்பதால் சிறு துண்டே பசியைத் தணிக்கிறது.

நமது கருவாடும் அதற்கு உறவே. 100 கிராம் பச்சை மீனில் சுமார் 20 கிராம் புரதம் உண்டு. நன்குலர்ந்த நெத்திலிக் கருவாட்டிலோ சுமார் 60 கிராம். கொழுப்புக் குறைவெனினும், புரதத்தில் அது பாலாடைக்கட்டியை விஞ்சுவதாகும்.

பாடு முறையில் தம் முறை வாராத நாட்களில் ஏரியில் வலையிட இயலாது. அன்று வீட்டார் அனைவருக்கும் கஞ்சியே கதி. முன்பு உலர்த்திய கருவாடோ முன்பணக் கடனுக்காக வியாபாரியின் கூடைக்குப் போயிருக்கும். விற்க வேண்டாமென நாம் கூறவில்லை. கூடை நிரம்புமுன் ஒரு கைப்பிடியைப் பிள்ளைகளுக்கென ஒதுக்குவீராக என்றே வேண்டுகிறோம்.

எச்சரிக்கையும் தேவை. ஒருவருக்கு நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் இருத்தல் வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உப்புக் கருவாட்டை நீரில் ஊறவைத்து, அலசி, அந்நீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும்; குழம்பில் உப்பைக் குறைக்க வேண்டும். இரத்த அழுத்தம் உடையோர் மருத்துவரைக் கேட்டே உண்ணல் நன்று. மணலில் பரப்பாமல், உயரமான பந்தல்களில் வலைவிரித்து உலர்த்தினால் தூய்மையும் கூடும், விலையும் கூடும்.

கடனை அடைப்பது கடமையே. வலை இழுக்கும் உடலைக் காப்பதும் அதற்குக் குறைந்த கடமையன்று.