பொத்தானுக்குப் பின்னால் ஓடும் வரிகள்

1970களின் தொடக்கம். ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வகம், சுவிஸ்–பிரெஞ்சு எல்லைக்கு அடியில் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையச் சுரங்கத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. புரோட்டான்களை விரட்டும் எஸ்.பி.எஸ். முடுக்கி அதில்தான் அமைய இருந்தது. 1,317 மின்காந்தங்கள், அவற்றுக்கு மின்சாரம் தரும் கருவிகள், வெற்றிடப் பம்புகள்... வழக்கப்படி இவற்றுக்கெல்லாம் பொத்தானும் திருகும் வைத்தால் கட்டுப்பாட்டு அறையின் சுவர்கள் போதாது.

கட்டுப்பாட்டு அறைக்குப் பொறுப்பான ஃபிராங்க் பெக், டென்மார்க்கைச் சேர்ந்த பொறியாளர் பென்ட் ஸ்டும்பேயிடம் வழி கேட்டார். 1972 மார்ச் 11 தேதியிட்ட கையெழுத்துக் குறிப்பில் பதில் வந்தது: திரையின் மேல் தொட்டால் வேலை செய்யும் கண்ணாடி. அதிலிருந்து உருவான முதல் திரைகளில் இருந்தவை வெறும் 16 பொத்தான்கள்.

கண்ணாடியில் செம்புக் கோடுகளைப் பொறித்தார்கள். கோட்டின் அகலம் 80 மைக்ரோமீட்டர், இடைவெளியும் அதே அளவு. ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். எனவே கண்ணில் படாது. இந்தக் கோடுகள் மின்தேக்கியாக, அதாவது மின்னூட்டத்தைச் சிறிதளவு பிடித்து வைக்கும் அமைப்பாக, வேலை செய்தன. விரல் நெருங்கினால் அந்த அளவு மாறும். எந்தக் கட்டத்தில் மாறியது என்று கணினி கண்டுகொள்ளும்.

சூட்சுமம் இனிமேல்தான். அந்தக் கட்டத்துக்கு நிலையான பெயரோ வேலையோ கிடையாது. பின்னாலிருக்கும் திரையில் நிரல் என்ன எழுதுகிறதோ, அந்த நேரத்துக்கு அதுதான் பொத்தான். ஒன்றைத் தொட்டால் பதினாறும் புதுப்பெயர் பூணும். நான்கே தொடுதலில் 65,536 தேர்வுகள்வரை போகலாம்!

பெயர் சரி, வேலையைச் செய்வது யார்? மைக்கேல் குரோலி-மில்லிங்கும் ஜார்ஜ் ஷெரிங்கும் அதற்காக நோடல் என்ற மொழியை அமைத்தார்கள். எழுதியதை வரிவரியாகப் படித்து உடனுக்குடன் நிறைவேற்றும் மொழி அது. வளையத்தைச் சுற்றிப் பல சிறு கணினிகள் இருந்தன. கட்டுப்பாட்டு அறையில் ஓடும் நிரல், தன் வரிகளில் சிலவற்றையே பெயர்த்து, கருவிக்குப் பக்கத்திலுள்ள கணினிக்கு அனுப்பும். அவை அங்கே ஓடும். விடை மட்டும் திரும்பி வரும். இயக்குபவர் கண்ணுக்கு ஒரு வரிகூடத் தெரியாது. 1976இல் முடுக்கி ஓடத் தொடங்கியது. 1983இல் டபிள்யூ, இசட் துகள்கள் அங்கேதான் அகப்பட்டன.

இன்று அலுவலகக் கணினியிலும் இதே ஏற்பாடு உண்டு. பேட்ச் கோப்பு என்பது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த சாதாரண உரைக்கோப்பு. விண்டோஸில் அதை இருமுறை சொடுக்கினால் கறுப்புச் சாளரம் திறக்கும். ஒரு செயலியின் பொத்தானோடு அதை இணைப்பவர், சாளரமே இல்லாமல் தொடங்கு என்று இயங்குதளத்திடம் சொல்லிவிடலாம். கோப்புகள் நகலாகும், காப்புப்பிரதி சேரும், திரை அசையாது.

அசையாத திரைக்குப் பின்னால் பேச்சு நடந்தபடி இருக்கும். நிரல் திரையில் எழுதவேண்டியதைக் குழாய் வழியாகச் செயலி வாங்கிக்கொள்கிறது. வழக்கமான செய்திக்கு ஒரு குழாய், பிழைச் செய்திக்கு இன்னொன்று. முடியும்போது நிரல் ஓர் எண்ணை விட்டுச்செல்லும். பூச்சியம் என்றால் வெற்றி, வேறு எதுவும் கோளாறு என்பது மரபு. நம் தேர்வுத்தாளுக்கு நேர் எதிர்! காரணம் எளிது: வெற்றி ஒரே வகை, தோல்வி பல வகை, ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும்.

இந்த மௌனத்தில் ஒரு பொறியும் உண்டு. பேட்ச் கோப்பின் கடைசியில் ‘பாஸ்’ (pause) என்ற கட்டளையைப் பலர் எழுதுவார்கள். ஏதாவது ஒரு விசையை அழுத்தும்வரை அது காத்திருக்கும். சாளரத்தை மறைத்தால் கேள்வி யாருக்கும் தெரியாது, விசையை அழுத்தவும் ஆளில்லை. நிரல் நாள் முழுக்க அப்படியே நிற்கும். ஆகவே பொத்தான் அமைப்பவருக்கு மூன்று வேலைகள்: கேள்வி கேட்கும் வரிகளை நீக்குவது, காத்திருப்புக்குக் காலவரம்பு வைப்பது, திரும்பி வரும் எண்ணைப் பார்த்துப் பயனரிடம் ஒரு வரி சொல்வது.