"வாழவே பிடிக்கல பாஸ்டர்"... மனநல நெருக்கடியில் இருப்பவருக்கு ஜெபம் மட்டும் போதுமா? சர்ச்சுகள் பயிற்சி எடுப்பது ஏன்?

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் ஒருவர் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் போய் விசாரித்தால், "வாழவே பிடிக்கல பாஸ்டர்" என்கிறார். அந்த நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்? "விசுவாசமா இருங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பினால் போதுமா?

போதாது என்பதால்தான் பல நாடுகளில் சர்ச்சுகள் மனநல முதலுதவிப் பயிற்சி எடுக்கின்றன.

ஏன் சர்ச்?

மனநல மருத்துவரிடம் போகத் தயங்குபவர்கள்கூட பாதிரியாரிடமோ, ஜெபக்குழுவில் இருக்கும் அக்காவிடமோ மனம்விட்டுப் பேசுவார்கள். அங்கே அப்பாயின்ட்மென்ட் வேண்டாம், கட்டணமும் இல்லை. ஆனால் அதே இடத்தில் "உனக்கு விசுவாசம் பத்தல", "மாத்திரைய நிறுத்திட்டு ஜெபம் பண்ணு" என்று சொல்லிவிட்டால் ஆபத்து. உடைந்து போயிருப்பவர் குற்ற உணர்வில் இன்னும் ஒடுங்கிவிடுவார். மருந்தைத் திடீரென நிறுத்தினால் நோயும் தீவிரமாகலாம்.

எங்கே தொடங்கியது?

1953-ல் லண்டனில் சாட் வரா என்ற ஆங்கிலிகன் பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களுக்காகத் தன் சர்ச்சிலேயே ஒரு தொலைபேசி சேவையைத் தொடங்கினார். அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்கு தன்னார்வலர்கள் டீ கொடுத்துப் பேச்சுத்துணையாக இருந்தார்கள். அதிலேயே பலருக்கு மனபாரம் குறைந்ததை வரா கவனித்தார். காதுகொடுத்துக் கேட்பதே பெரிய உதவி என்ற அந்தப் பாடம்தான் 'சமாரிட்டன்ஸ்' அமைப்பாக வளர்ந்தது.

அமெரிக்காவில் சேடில்பேக் சர்ச்சை நிறுவிய ரிக் வாரன், 2013-ல் தன் மகனைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தார். அடுத்த ஆண்டே கத்தோலிக்க மறைமாவட்டம், மனநல அமைப்பு ஆகியவற்றுடன் சேர்ந்து, சர்ச்சும் மனநலமும் பற்றிய மாநாட்டை அவரது சபை நடத்தியது.

பயிற்சியில் என்ன சொல்லித் தருகிறார்கள்?

ஆஸ்திரேலியாவில் 2000-ல் பெட்டி கிச்சனர், டோனி ஜோர்ம் தம்பதி உருவாக்கிய மனநல முதலுதவி முறை இன்று பல நாடுகளில் இருக்கிறது. அதன் சாரம் 5 விஷயங்கள்:

1. அணுகுங்கள்: தனியாகப் பேசி, உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்று பாருங்கள்.
2. கேளுங்கள்: குறை சொல்லாமல், குறுக்கிடாமல் கேளுங்கள்.
3. ஆறுதலும் சரியான தகவலும் கொடுங்கள்: இது பாவமோ பலவீனமோ இல்லை, சிகிச்சை இருக்கிறது என்று புரியவையுங்கள்.
4. மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்: முடிந்தால் கூடவே போங்கள்.
5. குடும்பம், நண்பர்கள் என மற்ற துணைகளையும் சேர்த்துவிடுங்கள்.

"தற்கொலை எண்ணம் வருதா?" என்று நேரடியாகக் கேட்கலாமா?

கேட்கலாம். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது என்கின்றன ஆய்வுகள். "அப்பாடா, ஒருத்தராவது கேட்டாங்களே" என்ற நிம்மதிகூட வரலாம். 'ஆமாம்' என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடக்கூடாது. பொதுவாக ரகசியம் காக்க வேண்டும். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. ஜெபக்கூட்டத்தில் பெயர் சொல்லி அறிவிப்பதும் தவறு.

அப்படியானால் ஜெபம் வேண்டாமா?

அவர் விரும்பினால் தாராளமாக ஜெபிக்கலாம். ஆனால் அது சிகிச்சைக்குப் பதில் ஆகாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவரின் விசுவாசத்தை யாரும் சந்தேகப்படுவதில்லையே!

தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி, 2022-ல் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர் தற்கொலையால் உயிரிழந்தனர். சர்ச், கோயில், மசூதி எதுவாக இருந்தாலும், பக்கத்தில் இருப்பவரின் வாட்டத்தைக் கவனிக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால் ஒரு உயிரைக் காப்பாற்ற முடியும்.

உதவிக்கு: மத்திய அரசின் டெலி மானஸ் - 14416 (24 மணி நேரமும், இலவசம்). தமிழக சுகாதாரத்துறை - 104. சினேகா தற்கொலைத் தடுப்பு மையம் - 044-24640050. அவசரத்துக்கு - 108.