பாட்டரி இல்லாத சாவி

இன்று பல கல்லூரி விடுதிகளில் அறைக்கு இரும்புச் சாவி கிடையாது. கதவருகே ஓர் அட்டையை நீட்டினால் 'கிளிக்' என்று பூட்டு திறந்துகொள்கிறது. இத்தகைய பூட்டுகள் பலவற்றினுள் பாட்டரி உண்டு; எனவே மின்தடையிலும் அவை இயங்கும். ஆனால் அட்டையில் பாட்டரி இல்லையே! அதற்கு மின்சக்தி ஏது?

அட்டையின் பிளாஸ்டிக் ஏடுகளுக்கு நடுவே மெல்லிய கம்பிச்சுருள் ஒன்றும், அதனுடன் இணைந்த சிறு சில்லு ஒன்றும் உள்ளன. (காலாவதியான அட்டை கிடைத்தால் டார்ச் ஒளிக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், பல அட்டைகளில் சுருளின் நிழல் தெரியும்.) பூட்டிலும் ஒரு சுருள் இருக்கிறது. அதில் விநாடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை அலைவுறும் மின்னோட்டம் பாய்கிறது. இதனால் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம், அட்டையின் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. 1831-இல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது! சில்லு விழித்தெழ இச்சிறு சக்தி போதும்.

சரி, அட்டை எப்படிப் பதில் சொல்கிறது? கிரைண்டரைப் போட்டதும் வீட்டு விளக்கு சற்று மங்குவதைக் கண்டிருப்பீர்கள். அதுபோலவே அட்டை தன் சுருளின் சுமையைக் கூட்டியும் குறைத்தும், பூட்டின் சுருளில் சிறு மாற்றங்களை உண்டாக்குகிறது. பூட்டு அதைப் படித்துக்கொள்கிறது.

என்ன சொல்கிறது என்பதே முக்கியம். வெறும் எண்ணை ஒப்பிக்கும் அட்டையை, அருகில் ஒரு கருவியைக் கொண்டுவந்தே எவரும் நகலெடுத்து விடலாம். நல்ல அட்டை தன் இரகசியத்தை வெளியே சொல்வதில்லை. பூட்டு ஒவ்வொரு முறையும் ஒரு புதிய எண்ணைக் கேள்வியாக அனுப்பும். அட்டை அதனுடன் இரகசியத்தைக் கலந்து கணக்கிட்டு விடையை மட்டும் தரும். ஒட்டுக்கேட்டவனுக்கு அவ்விடை மறுமுறை பயன்படாது.

1994-இல் வந்த 'மைஃபேர் கிளாசிக்' அட்டை இம்முறையையே கையாண்டது. அதன் சாவி 48 பிட். அதாவது சுமார் 281 லட்சம் கோடி சாவிகள் சாத்தியம். ஆயினும் 2008-இல் நெதர்லாந்தின் நைமேகன் நகர ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை உடைத்துக் காட்டினர். கணக்கிடும் முறை வலுவற்றது. மறைத்து வைத்ததால் மட்டும் அது தப்பியிருந்தது. அட்டை எதேச்சையாகத் தருவதாக எண்ணிய எண்களோ 65,535 மட்டுமே! சில்லைத் தயாரித்த நிறுவனம் ஆய்வுக் கட்டுரைக்குத் தடை கோரியது. அந்நாட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. பின்னர் வந்த அட்டைகள் பலவற்றில் கணக்கிடும் முறை ஊரறிந்தது. 128 பிட் சாவி ஒன்றே இரகசியம்.