கூதிர் விடைபெறும் வேளை

ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களையும் கூதிர் என வகுத்தனர் நம் முன்னோர். வடமொழியாளர் இவற்றைச் சரற்காலம் என்பர். வடபுலத்தில் அது மழை ஓய்ந்து வானந் தெளியும் பருவம். நமக்கோ வடகீழ்ப் பருவக்காற்று மழை சொரியும் பருவம். கார்த்திகை கழிந்து மார்கழி பிறந்ததும் கூதிர் நீங்கி முன்பனி தொடங்கும்.

கூதிரின் இயல்பைக் காண விழைவோர் நக்கீரர் பாடிய நெடுநல்வாடையை நோக்குக. 188 அடிகளாலான அப்பாட்டில் அரண்மனை விசிறிகள் சுருக்கப்பட்டுச் சிலந்திநூல் படிந்து தொங்குகின்றன. சந்தனம் அரைக்கும் கல் வேலையின்றிக் கிடக்கின்றது. குளிர்ந்த நீரை விரும்புவாரிலர். யாவரும் நெருப்பையே நாடுகின்றனர். எனினும், அவ்விசிறியை எவரும் எறிந்துவிடவில்லை என்பது கருதத்தக்கது. வேனில் மீளும், விசிறியும் வேண்டப்படும். ஒரு பருவத்தை ஏற்றல் என்பது மற்றொன்றை மறத்தல் அன்று.

இவ்வுண்மையை யாழ்ப்பாணத்து உழவன் ஏட்டின் துணையின்றியே அறிவான். புரட்டாசியில் வானை நோக்கி மழையை வேண்டியவன், தையில் கதிர் முற்றியதும் அதே மழை விலகவேண்டும் என்கின்றான். மழை நீடிப்பின் பயிர் சாயும். நெல் கதிரிலேயே முளைகொள்ளும். ஆதலின், கூதிரின் பிரிவு அவனுக்குத் துயரன்று, அறுவடைக்கு வழியாகும்.

ஆயின், பிரிவை ஏற்பதோடு அவன் கடமை முடிந்துவிடுவதில்லை. ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு குடாநாட்டில் இல்லை. கூதிர் மழையே சுண்ணக்கற் பாறையினூடு இறங்கி நம் கிணறுகளில் ஊறுகின்றது. அந்நன்னீர், நிலத்தடியிற் புகுந்த கடலின் உவர்நீர்மேல் மெல்லியதொரு படையாக மிதந்து நிற்பது. முன்னாளிற் துலாவால் இறைத்தபோது மனிதனின் களைப்பே இறைப்புக்கு எல்லை வகுத்தது, பொறிக்குக் களைப்பில்லை. அளவிறந்து இறைப்பின் கீழுள்ள உவர் மேலெழும், கிணறு கெடும். குளங்கள் தூர்ந்து கிடப்பின் மண்ணுள் இறங்கவேண்டிய மழைநீர் வாய்க்கால்வழி ஓடிக் கடலிற் கலக்கும்.

பருவம் மாறுவதைத் தடுக்க நம்மால் இயலாது, தடுக்கவும் வேண்டுவதில்லை. அது விட்டுச்செல்வதைப் பேணுதல் நம்மால் இயலும். குளத்தைத் தூரெடுத்து, வரம்பை உயர்த்தி, அளவறிந்து இறைப்போரே கூதிருக்கு முறையாக விடைகொடுப்போர். ஏனையோர் கூதிரை வழியனுப்பும்போது அது தந்த நீரையும் உடனனுப்பிவிடுகின்றனர்; பின்னர் ஆனி, ஆடி முதுவேனிலில் வற்றிய கிணற்றடியில் நின்று வானை நோகின்றனர்.