ஆட்டத்துக்கு முன்பே உடலைக் குளிர வைப்போம்

பிற்பகல் மூன்று மணி. தோட்டத் திடலில் காற்பந்துப் போட்டி. தங்கள் ஆட்டம் வரும்வரை பிள்ளைகள் வெயிலிலேயே நிற்கிறார்கள். அங்கேயே அரை மணி நேரம் ஓடி உடலைச் சூடாக்குகிறார்கள். விசில் ஊதுவதற்கு முன்பே முகம் சிவந்து, சட்டை நனைந்துவிடுகிறது. களைப்பு பாதி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

நம் உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸ். ஓடும்போது தசைகள் உண்டாக்கும் வெப்பத்தை வியர்வை ஆவியாகி வெளியேற்ற வேண்டும். ஆனால், நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. உள்வெப்பம் ஏறிக்கொண்டே போகிறது. அது 40 டிகிரியை எட்டினால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே, தொடக்கத்திலேயே உள்வெப்பத்தைச் சற்றுக் குறைத்து வைத்தால், அந்த அபாய எல்லையைத் தொட அதிக நேரமாகும். இதுதான் ‘முன்குளிர்விப்பு’. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தானுக்கு முன் ஐஸ் வைத்த மேலங்கி அணிந்து தயாரான அமெரிக்க வீராங்கனை டீனா காஸ்டர், வெண்கலப் பதக்கம் வென்றார்.

நமக்கு அந்த மேலங்கி தேவையில்லை. வீட்டில் இருப்பதே போதும்.

அரைத்த ஐஸ்: ஐஸ் கச்சாங்கிற்குத் துருவுவதுபோல் மென்மையாக அரைத்த ஐஸைக் கொஞ்சம் சிரப் கலந்த நீரில் குழைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 400 கிராம் அளவு போதும். ஆட்டத்துக்கு அரை மணி நேரத்துக்கு முன் தொடங்கி, மெதுவாகச் சாப்பிட வேண்டும். ஐஸ் உருகி உடல் சூட்டுக்கு வருவதற்குள், அதே எடையுள்ள குளிர்ந்த நீரைவிட மூன்று மடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. 2010இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், 34 டிகிரி வெப்பத்தில் குளிர்நீர் குடித்தவர்கள் சுமார் 40 நிமிடம் ஓடினார்கள். அரைத்த ஐஸ் சாப்பிட்டபோது அவர்களே சுமார் 50 நிமிடம் ஓடினார்கள்.

வாளித் தண்ணீர்: குழாய் நீரில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, முழங்கை வரை கைகளைப் பத்து நிமிடம் வைத்திருங்கள். கைகளில் ஓடும் இரத்தம் குளிர்ந்து உடலுக்குள் திரும்புகிறது. சிங்கப்பூர் இராணுவப் பயிற்சியிலும் இந்த முறை உண்டு. ஆனால், கால்களை ஐஸில் வைக்காதீர்கள். குளிர்ந்த தசைக்கு வேகம் வராது.

நிழல்: காத்திருப்பதும் நிழலில், உடலைச் சூடாக்கும் பயிற்சியும் நிழலில், சுருக்கமாக. கழுத்தில் ஈரத் துண்டு.

“வேர்வையோட ஐஸ் தண்ணி குடிக்காதே, சளி பிடிக்கும்” என்று பாட்டிமார் சொல்வது வழக்கம். சளி கிருமியால் வருவது, ஐஸால் அல்ல. ஆனால், அவசரமாக விழுங்கினால் தலை வலிக்கும், வயிறு பிடிக்கும். நீரிழிவு உள்ளவர்கள் சிரப்பைத் தவிர்க்கட்டும்; இருதய நோயுள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்கட்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தக் குளிர்ச்சியின் பலன் ஆட்டம் தொடங்கி அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். உச்சி வெயிலில் ஆடுவதற்கு இது அனுமதிச் சீட்டு அல்ல. மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரிக்கு மேல் போனாலே வானிலை ஆய்வுத் துறை எச்சரிக்கை விடுக்கிறது. அந்த நாள்களில் ஆட்டத்தைத் தள்ளிவைப்பதே நல்லது.

ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோப்பைக்கும் மாலைக்கும் செலவிடும்போது ஒரு கூடாரம், நான்கு வாளி, இரண்டு பெட்டி ஐஸுக்கும் ஒதுக்குங்கள். முதல் ஆட்டத்தைக் காலை எட்டு மணிக்கே தொடங்குங்கள். ஆடும் பிள்ளை திடீரென்று உளறினால், தள்ளாடினால், மயங்கினால், அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். 999-ஐ அழையுங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். அந்தச் சில நிமிடங்கள்தாம் உயிரைக் காப்பவை.